485 விசாவில் படித்த படிப்புக்கு வேலை கிடைக்குமா? பாலையூற்றுத் தம்பியின் கேள்வியும் அதன் பின்னால் வந்தவையும்

2025 ஜூன் 14, சனி

485 என்பது, அவுஸ்திரேலியாவில் படித்து முடித்தவர்கள் அங்கே தற்காலிகமாக நின்று வேலை செய்ய எடுக்கிற விசா. அதைப் பற்றித் திருகோணமலை, பாலையூற்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்:

“எனக்கு 30 வயது. சிவில் எஞ்சினியரிங் முடித்து, சீனன்குடாப் பக்கம் ஒரு ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்கிறேன். மெல்பேர்ணில் இரண்டு வருட மாஸ்டர்ஸ் படித்துவிட்டு 485 விசா எடுக்கலாம் என்று யோசிக்கிறேன். அப்பா நிலாவெளிக் காணியை விற்கவும் தயார். ஆனால் பெரியப்பா ஒருவர், ‘485 என்றால் மரக்கறி வெட்டுகிற விசா, டிகிரிக்கு ஒருத்தனும் வேலை தரமாட்டான்’ என்கிறார். உண்மையா?”

தம்பி, பெரியப்பா சொன்னது பாதி சரி. 485 கையில் வைத்துக்கொண்டு மரக்கறி வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் வெட்டியிருக்கிறேன், வெங்காயம் உட்பட. ஆனால் விசாவில் அப்படி ஒரு நிபந்தனையும் இல்லை. யாரிடமும், எந்தத் துறையிலும், எத்தனை மணித்தியாலமும் வேலை செய்யலாம். மாணவர் விசாவில் இருக்கிற, இரண்டு கிழமைக்கு 48 மணித்தியாலம் என்கிற கட்டு இதில் கிடையாது. முதலாளி ஸ்பொன்சர் பண்ணவும் வேண்டாம். வேலை செய்ய அனுமதி, அவ்வளவுதான். வேலையை நீதான் தேட வேண்டும், அதுவும் விசாவில் திகதி ஓடிக்கொண்டிருக்கும்போது.

நானும் திருகோணமலைதான், உவர்மலை. மெல்பேர்ணில் நீர் வடிகால் சம்பந்தமாக மாஸ்டர்ஸ், அப்புறம் 485, அப்புறம் பெண்டிகோவில் ஒரு சின்னக் கம்பனி. இப்போது ஊரோடு வந்துவிட்டேன். ஏன் என்று கேட்டால் அது வேறு கதை.

ஜூன் 14, இரவு

அடிப்படை விஷயங்களைக் கேட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். நான் எடுத்த காலத்து விதி வேறு, இப்போதைய விதி வேறு. 2024 ஜூலை 1 இலிருந்து வயதெல்லை 35. முன்பு 50. (ஆராய்ச்சி மாஸ்டர்ஸ், பி.எச்.டி. செய்தவர்களுக்கு இன்னும் 50தான்.) விண்ணப்பிக்கிற நாளில் 35 தாண்டியிருக்கக் கூடாது, படிக்கப் போகிற நாளில் அல்ல. 33 வயதில் இரண்டு வருடப் படிப்புக்குக் கிளம்புகிறவர்கள் பிறந்த திகதியையும் படிப்பு முடிகிற திகதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு விமானம் ஏறுங்கள்.

இளமாணிக்கும் பாடநெறி மாஸ்டர்ஸுக்கும் இரண்டு வருடம் தருவார்கள். சில துறைகளுக்குக் கூடுதலாகத் தந்த இரண்டு வருடத்தை நிறுத்திவிட்டார்கள், அதை இன்னும் விளம்பரத்தில் போடுகிற ஏஜென்சிகள் உண்டு. ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சையில் மொத்தம் 6.5, எந்தப் பகுதியிலும் 5.5க்குக் குறையக் கூடாது. பரீட்சை எழுதி ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், அதனால் இங்கிருந்து போகும்போது எடுத்த ரிசல்ட்ஸ் அங்கே உதவாது, திரும்ப எழுத வேண்டும். படிப்பு முடிந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பம் போக வேண்டும்.

தம்பி, உனக்கு வயதுப் பிரச்சினை இல்லை.

ஜூன் 16

மரக்கறி விஷயத்துக்கு வருகிறேன். என்னோடு ஒரே வீட்டில் ஒரு மூதூர்ப் பெடியன் இருந்தான். கெட்டிக்காரன், என்னைவிட நல்ல புள்ளிகள். டண்டெனோங் பக்கம் ஒரு களஞ்சியத்தில் இரவு வேலை, காலை ஆறு மணிக்கு முடியும். வந்து குளித்து, சோற்றைப் போட்டுத் தின்றுவிட்டு, போனை சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் படுப்பான். பின்னேரம் எழும்பிப் பார்த்தால் காலை 10.20க்கு ஒரு தவறிய அழைப்பு, இலக்கம் மறைக்கப்பட்டது. யாரென்று தெரியாது, திருப்பி எடுக்க வழியில்லை. ஆட்சேர்ப்பு ஆட்கள் அந்த நேரத்தில்தான் எடுப்பார்கள், காலை பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையில். எடுக்காவிட்டால் பட்டியலில் அடுத்த பெயர்.

அவன் விண்ணப்பம் போடாமல் இருக்கவில்லை. போட்ட விண்ணப்பத்துக்குப் பதில் வருகிற நேரத்தில் நித்திரையில் இருந்தான். இரவு வேலைக்குச் சம்பளம் கூட, அதை விடவும் முடியவில்லை. வீட்டில் வட்டி கட்ட வேண்டும். அந்த வட்டியைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இன்றைக்கு மின்சாரம் போய் வருகிறது.

ஜூன் 17

களஞ்சியத்து வேலையைக் கேவலமாகச் சொல்லிவிட்டேன் என்று கோபம் வந்திருக்கிறது. இல்லை, அப்படி நான் எங்கேயும் எழுதவில்லை. மேலே திரும்ப வாசியுங்கள். பகல் பத்து மணிக்கு விழித்திருங்கள் என்றுதான் சொன்னேன்.

ஜூன் 21

எங்கே தேடுவது என்று கேட்டவர்களுக்கு. பெரிய கம்பனிகளின் பட்டதாரித் திட்டங்களை எல்லோரும் முதலில் பார்ப்பார்கள், நானும் பார்த்தேன். அவற்றில் நிறைய, பிரஜையாக அல்லது நிரந்தர வதிவாளராக இருக்க வேண்டும் என்று கேட்கும். மத்திய அரசாங்க வேலை என்றால் பிரஜாவுரிமை. இணைய விண்ணப்பத்தில் ‘உங்கள் விசா நிலை என்ன’ என்று ஒரு கட்டம் வரும். ‘தற்காலிக விசா’ என்று தெரிவு செய்தால், தேநீர் ஆறுவதற்குள் மறுப்பு மின்னஞ்சல் வந்துவிடும். மனிசர் யாரும் வாசித்திருக்கமாட்டார்கள், அதனால் மனதுக்கு எடுக்கத் தேவையில்லை. அந்தத் திட்டங்களுக்கு ஒரு சனிக்கிழமை போதும். மிச்ச நாளெல்லாம் சின்னக் கம்பனிகளுக்கு.

பத்துப் பேர், பதினைந்து பேர் வேலை செய்கிற இடங்களில் முதலாளியே சீவியை (சுயவிவரத்தை) வாசிப்பார். அவருக்கு விசா இலக்கமெல்லாம் தெரியாது. 485 என்று மட்டும் எழுதினால், ஸ்பொன்சர் பண்ணச் சொல்வார்களோ, வக்கீலுக்குக் காசு போகுமோ என்று பயந்து ஒதுக்கிவிடுவார். ஆகவே சீவியின் மேலேயே ஒரு வரி: முழு வேலை அனுமதி, இன்ன மாதம் இன்ன வருடம் வரை, ஸ்பொன்சர் தேவையில்லை. சந்தேகம் வந்தால் குடிவரவுத் திணைக்களத்தின் வீவோ தளத்தில் அவரே பார்த்துக்கொள்ளலாம். அந்த ஒரு வரியைப் போட்ட பிறகுதான் எனக்குப் போன் வர ஆரம்பித்தது.

அப்புறம், ‘முடிகிற திகதியை ஏன் எழுத வேண்டும், மறைக்கலாமே’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மறைத்தால் நேர்முகத்தில் கேட்பார்கள், அப்போது முகம் மாறும். எழுதிவிடுங்கள்.

ஜூன் 22

சீவியில் போட்டோ வேண்டாம். அடையாள அட்டை இலக்கம் வேண்டாம், அப்பாவின் பெயர் வேண்டாம், கலியாணம் ஆனதா இல்லையா வேண்டாம். ஓ.எல். ரிசல்ட்ஸும் வேண்டாம், ஒன்பது ஏ எடுத்திருந்தாலும்.

ஜூலை 2

நேற்றிலிருந்து, அதாவது 2025 ஜூலை 1 இலிருந்து, அங்கே சில இலக்கங்கள் மாறியிருக்கின்றன. ஆகக்குறைந்த சம்பளம் மணித்தியாலத்துக்கு 24.95 டொலர் ஆனது. நிரந்தரமில்லாத, கூப்பிட்டால் போகிற வேலைக்கு அதற்கு மேல் 25 சதவீதம் கூட்டித் தர வேண்டும். ஓய்வூதிய நிதிக்கு முதலாளி கட்டுவது 12 சதவீதம், இது உங்கள் சம்பளத்துக்கு மேலதிகம். மாணவர் விசாக் கட்டணம் 1,600 இலிருந்து 2,000 டொலர் ஆகிவிட்டது. தம்பி, உன் கணக்கில் திருத்திக்கொள்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ‘உள்ளூர் அனுபவம் கிடைக்கும், மூன்று மாதம் சம்பளமில்லாமல் வா’ என்று கூப்பிடுகிற இடங்கள் இருக்கின்றன. அந்த இடத்தைப் பிடித்துத் தருவதற்கு உங்களிடமே காசு வாங்குகிற தரகர்களும் இருக்கிறார்கள். என் வகுப்புத் தோழி ஒருத்தி அப்படிக் கொடுத்தாள். அவள் வரைந்த வரைபடத்தை அந்தக் கம்பனி வாடிக்கையாளருக்கு விற்றது, அவளுக்கு ஒரு சதமும் இல்லை. கம்பனிக்குப் பயன்படுகிற வேலையைச் செய்தால் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது அங்கத்தைய சட்டம். சம்பளமில்லாத பயிற்சி பெரும்பாலும் படிப்பின் ஒரு பகுதியாக, பல்கலைக்கழகம் ஏற்பாடு செய்து நடந்தால்தான் செல்லும். இதில் இன்னொரு இழப்பும் இருக்கிறது: பி.ஆர்., அதாவது நிரந்தர வதிவிட விசாவுக்கான புள்ளிக் கணக்கில் சம்பளம் வாங்கிய வேலையைத்தான் எண்ணுவார்கள், அதுவும் கிழமைக்கு 20 மணித்தியாலமாவது செய்திருந்தால்.

ஜூலை 9

வட்டி.

அங்கே வேலை கிடைக்குமா இல்லையா என்பதில் பெரிய பங்கு, விமானம் ஏறுவதற்கு முன் வீட்டு மேசையில் தீர்மானமாகிவிடுகிறது என்று நான் நினைக்கிறேன். மாணவர் விசாவுக்கு ஒரு வருட வாழ்க்கைச் செலவாக 29,710 டொலர் கணக்கு வைத்திருக்கிறார்கள். நம் காசில் 60 இலட்சத்துக்குப் பக்கம். படிப்புக் கட்டணமும் டிக்கெட்டும் அதற்கு மேல். இவ்வளவு காசு கையில் இல்லாத வீட்டில் என்ன நடக்கும்? ஒருவரிடம் வட்டிக்கு வாங்கி வங்கியில் போட்டு, காட்டிவிட்டு, விசா வந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பிள்ளை மெல்பேர்ணில் இறங்கும்போது, தாளில் இருந்த காசு கையில் இல்லை. முதல் கிழமையே ஏதாவது வேலை. அது இரவு வேலையாகத்தான் அமையும். மூதூர்ப் பெடியனின் கதை அங்கே தொடங்கியது.

படிப்பு முடிந்து 485 வந்ததும் இன்னொரு நெருக்கடி. ‘படிப்பு முடிந்துவிட்டதே, இனி முழுநேரமாக உழைக்கலாம்தானே, காசு அனுப்பு’ என்று வீட்டிலிருந்து போன் வரும். அடகில் இருக்கிற நகையை மூழ்க விடக் கூடாது, தங்கச்சிக்குச் சம்பந்தம் பேசுகிறார்கள், எல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனால் விண்ணப்பம் எழுதுவதற்கு, போனுக்குக் காத்திருப்பதற்கு, பகலில் நேர்முகத்துக்குப் போவதற்கு நேரம் தேவைப்படுவது அந்த மாதங்களில்தான். என் அம்மா ஒரு வேலை செய்தார், எனக்கு அதன் பெறுமதி பிறகுதான் விளங்கியது. படிப்பு முடிந்த பிறகு அரை வருடத்துக்குக் காசைப் பற்றி வாயே திறக்கமாட்டேன் என்று சொன்னார், திறக்கவும் இல்லை. சீட்டுக் காசில் வட்டியை அவரே கட்டினார். நான் ஒரு சுப்பர்மார்க்கெட்டில் நைட் ஃபில் செய்தேன், பொருட்களைத் தட்டில் அடுக்குகிற வேலை, நடுச்சாமத்தோடு முடிந்துவிடும். சம்பளம் குறைவு, காலையில் எழும்பலாம்.

ஆகவே நிலாவெளிக் காணியைப் பற்றி, தம்பி: விற்பதா என்பதை நான் சொல்லமாட்டேன். விற்றால் அந்தக் காசில் ஒரு பகுதியை, படிப்பு முடிந்த பிறகான ஆறு மாதத்துக்கென்று யாரும் தொடாமல் வையுங்கள். அதற்கு அப்பா சம்மதிக்காவிட்டால் பெரியப்பா சொன்னதே நடக்கலாம்.

ஜூலை 10

‘திரும்பி வந்தவர் எப்படி அறிவுரை சொல்லலாம்’ என்று ஒரு ஐயா. அம்மாவுக்கு முழங்கால் ஏலாது, தனியே இருக்கிறார். வேலை கிடைக்காமல் வரவில்லை. அறிவுரை பிடிக்காவிட்டால் விடுங்கள்.

ஜூலை 25

நேற்று ஆடி அமாவாசை. கன்னியாவில் கால் வைக்க இடமில்லை. அங்கே நின்றபோது பக்கத்து வீட்டு மாமா காதோடு சொன்னார், இதை வாசிக்கிறாராம், தம்பியின் பெரியப்பா தனக்கு வேண்டியவராம். அந்தப் பெரியப்பாவின் சொந்த மகன் சிட்னியில் கணக்கியல் மாஸ்டர்ஸ் முடித்து, 485 இரண்டு வருடமும் ஒரு சமையலறையில் கழித்துவிட்டுத் திரும்பியவராம். அது தெரிந்த பிறகு அவருடைய பேச்சை நான் வேறு மாதிரிக் கேட்கிறேன்.

ஏனென்றால் துறைக்குத் துறை நிலைமை வேறு. கணக்கியலிலும் ஐ.டி.யிலும் வெளிநாட்டு மாணவர் கூட்டம் அதிகம், ஒரே மாதிரிச் சீவி குவியும். தாதியர், ஆசிரியர் போன்றவர்களுக்கு முதலில் பதிவு என்று ஒரு தடை இருக்கிறது, அதைக் கடந்துவிட்டால் வேலை தேடி அலைவது குறைவு. சிவில், நடுவில் எங்கேயோ. நான் மேலே சொன்ன பகல் பத்து மணிக் கணக்கு கணக்கியல் பெடியனுக்கும் பொருந்தும், ஆனால் அது மட்டும் அவனுக்குப் போதாது. அவன் நகரத்தை விட்டு வெளியேயும் பார்த்திருக்க வேண்டும். சிட்னியில் ஹோம்புஷ், வென்ட்வேர்த்வில் என்று நம் ஆட்கள் இருக்கிற இடத்தை விட்டு நகர யாருக்கும் மனம் வராது. இடியப்பம் கிடைக்கிற இடத்தை விட்டு யார்தான் போவார்.

ஜூலை 26

உடனே ஒரு தங்கச்சி: “அப்படியென்றால் மெல்பேர்ணில் படித்துவிட்டு ஜீலோங்குக்குப் போய் இருந்தால் இரண்டாவது 485 கிடைக்கும்தானே?” இல்லை. இரண்டாவது 485க்கு, படித்த வளாகமே பிராந்தியப் பகுதியில் இருந்திருக்க வேண்டும், முதல் 485இலும் பிராந்தியத்தில் இரண்டு வருடமாவது வாழ்ந்திருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் இடத்தைப் பொறுத்து ஒன்று அல்லது இரண்டு வருடம் கூட. சிட்னி, மெல்பேர்ண், பிரிஸ்பேன் மூன்றும் பிராந்தியத்தில் சேராது. அடிலெய்ட், பேர்த், கன்பரா எல்லாம் சேரும். தம்பி இன்னும் பல்கலைக்கழகம் தெரிவு செய்யவில்லை என்றால் இதையும் யோசிக்கலாம். என் காலத்தில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 10

நேர்முகம் எப்படி இருந்தது என்று கேட்கிறீர்கள். பெண்டிகோ, மெல்பேர்ணிலிருந்து ரயிலில் இரண்டு மணித்தியாலம், பழைய தங்கச் சுரங்க ஊர். ஒபிஸ் ஒரு பழைய வீட்டில். நல்ல உடுப்பும் சப்பாத்துமாகப் போனால், முதலாளி சேறு பட்ட பூட்ஸோடு வந்தார். கேள்வித்தாள் ஒன்றும் இல்லை. மேசையில், நிலத்தின் மேடு பள்ளத்தைக் காட்டுகிற ஒரு மட்டக்கோட்டு வரைபடத்தை விரித்தார், பென்சிலைத் தந்தார். “இந்த மூலையில் வீடுகள் வரப்போகின்றன. மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும், கீறு.”

கீறினேன். தாழ்வான மூலையில் குழி எங்கே வைக்க வேண்டும் என்று குறித்தேன். அப்புறம் என் பாட்டில் கேட்டேன்: “குழாய் நிரம்பின பிறகு மிச்சத் தண்ணீருக்கு எது வழி?” அவர் நிமிர்ந்து பார்த்தார். அங்கே அது முக்கியம். சின்ன மழையைக் குழாய் கொண்டுபோக வேண்டும், நூறு வருடத்துக்கொருமுறை வருகிற அளவு மழை வந்தால் வீட்டுக்குள் போகாமல் தெருவால் ஓடிப்போக வழி விட வேண்டும். புத்தகத்திலும் இருக்கிறதுதான். ஆனால் நான் கேட்டது மார்கழியில் எங்கள் ஒழுங்கையின் கான் நிரம்பி, தண்ணீர் யார் வீட்டு வாசலால் ஏறும் என்று சின்னனிலிருந்தே பார்த்ததால். அதைச் சொன்னேன். ‘உள்ளூர் அனுபவம் இருக்கிறதா’ என்ற கேள்விக்காக நான் பாடமாக்கிக்கொண்டு போன பதிலைவிட அது நன்றாக எடுபட்டது. பிறகு கந்தளாய்க் குளத்தைப் பற்றியும் கேட்டார், சொன்னேன்.

அவர்கள் பாவித்த மென்பொருள் எனக்குத் தெரியாது, சிவில் 3டி மட்டும்தான் தெரியும் என்று சொல்லிவிட்டேன். “பழக்கலாம்” என்றார்.

ஊர் அனுபவத்தை ஒளித்துவைத்து, அங்கே பிறந்தவர் மாதிரிக் கதைக்க நம் பெடியள் படுகிற பாடு எனக்குப் பிடிப்பதில்லை. ஒப்பந்தக்காரரிடம் தளத்தில் நின்று கொங்கிறீட் போட்டவனுக்குச் சொல்ல எவ்வளவோ இருக்கும். அதைச் சொல்லு.

ஆகஸ்ட் 11

கந்தளாயில் என்ன நடந்தது என்று ஒரு பிள்ளை கேட்டிருக்கிறது. திருகோணமலைப் பிள்ளை! 1986 ஏப்ரல் 20, அதிகாலை, அணைக்கட்டு உடைந்தது. 120 பேருக்கு மேல் போய்விட்டார்கள். வீட்டில் பெரியவர்களைக் கேள்.

ஆகஸ்ட் 30

வேலை கிடைத்த பிறகு என்ன என்று பலர் கேட்கிறார்கள், சுருக்கமாக. 2024 டிசம்பர் 7 இலிருந்து முதலாளி ஸ்பொன்சர் பண்ணுகிற பழைய 482 விசாவுக்குப் பதிலாக, அதே இலக்கத்தில் ‘ஸ்கில்ஸ் இன் டிமாண்ட்’ என்று புதிய ஒன்று வந்திருக்கிறது. அதற்கு இரண்டு வருட அனுபவம் கேட்டதை ஒரு வருடமாகக் குறைத்திருக்கிறார்கள். ஆனால் தொழில் பட்டியலில் இருக்க வேண்டும், சம்பளம் 2025 ஜூலைக் கணக்கில் 76,515 டொலருக்குக் குறையக் கூடாது. ஆகவே 485இன் முதல் வருடத்துக்குள் துறைசார் வேலை கிடைத்தால் இரண்டாவது வருடத்தில் முதலாளியோடு பேச முடியும். மற்ற வழி புள்ளிகள். ஆகக்குறைந்தது 65, ஆனால் அந்த 65ஐ வைத்துக்கொண்டு நம்பி இருக்க முடியாது. அங்கே ஒரு வருடம் துறைசார் வேலை 5 புள்ளி, மூன்று வருடம் 10. நாட்டி என்கிற மொழிபெயர்ப்பாளர் அமைப்பு நடத்துகிற சமூக மொழிப் பரீட்சை 5 புள்ளி, தமிழிலும் உண்டு. 90க்கு 63 எடுக்க வேண்டும், இரண்டு உரையாடலிலும் 29க்குக் குறையக் கூடாது. தமிழ் தெரியும்தானே என்று படிக்காமல் போய்க் கோட்டை விட்டவர்கள் இருக்கிறார்கள்.

2024 ஜூலையிலிருந்து, 485இல் இருந்துகொண்டே மாணவர் விசாவுக்கு உள்நாட்டில் விண்ணப்பிக்க முடியாது. ‘முடியாவிட்டால் இன்னொரு டிப்ளோமா போட்டு நிற்கலாம்’ என்று சொல்கிற ஏஜென்சி பழைய கதை சொல்கிறது.

செப்டெம்பர் 14

அண்ணனின் கலியாணத்துக்கு வர டிக்கெட் போட்டுவிட்டேன், 485 இன்னும் வரவில்லை, பிரிட்ஜிங் விசா ஏ-யில் (முடிவு வரும்வரை நிற்கத் தருகிற இடைக்கால விசா) இருக்கிறேன் என்று எழுதிய தங்கச்சிக்கு அவசரமாக: அந்த விசாவில் நாட்டை விட்டு வெளியேறினால் அது முடிந்துவிடும், திரும்பி உள்ளே போக முடியாது. வெளிக்கிட முதல் பிரிட்ஜிங் விசா பி எடுக்க வேண்டும். அது கையில் வரும்வரை கட்டுநாயக்கா பக்கம் தலைவைத்தும் படுக்காதே.

செப்டெம்பர் 16

கிடைத்துவிட்டதாம். கலியாணம் உப்புவெளியில், எனக்கும் அழைப்பு வந்திருக்கிறது.

அக்டோபர் 5

தம்பி கடைசியாகக் கேட்டது: பெப்ரவரியில் போவதா, ஜூலையிலா? அப்பா சம்மதித்துவிட்டாராம், காணியில் பாதி மட்டும், ஆறு மாதக் காசும் தனியே.

ஜூலை என்பேன். சீனன்குடா வேலையில் மூன்று வருடம் வருகிற மே மாதம்தான் நிறைவாகிறது என்று எழுதியிருக்கிறாய். பட்டத்துக்குப் பிறகு வெளிநாட்டில் மூன்று வருடம் துறைசார் அனுபவம் இருந்தால் 5 புள்ளி. பெப்ரவரியில் ஓடினால் அது போய்விடும். ஒப்பந்தக்காரரிடம் சேவைக் கடிதத்தை இப்போதே கேட்கத் தொடங்கு. ‘நல்ல பிள்ளை, நேர்மையானவர்’ என்று எழுதுகிற கடிதம் வேண்டாம். என்ன பதவி, எந்தத் திகதியிலிருந்து, கிழமைக்கு எத்தனை மணித்தியாலம், என்னென்ன வேலை, எவ்வளவு சம்பளம், இவை இருக்க வேண்டும். கடிதத்தலைப்பு, தொலைபேசி, கையொப்பம் வைத்தவரின் பதவி. நீயே வரைவை எழுதிக்கொண்டு போ, அவருக்கு நேரம் இருக்காது.

கூடவே சம்பளச் சீட்டுகள், வங்கிக் கூற்று, ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கூற்று. கடவுச்சீட்டில் ஒரு எழுத்து, ஈ.பி.எஃப்.இல் இன்னொரு எழுத்து என்று பெயர் வேறுபட்டிருந்தால் தொழில் திணைக்களத்துக்குப் போய் இந்த மாதமே திருத்தக் கொடு. வெள்ளிக்கிழமை போகாதே, திங்கட்கிழமை காலை போ.